இரண்டாம் கிண்ணம்

"வாயைத் திற. திறம்மா. அப்பா விரலைக் கடிச்சாலும் பரவாயில்ல, திற!"

மகளின் பின்கழுத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களை அவள் தொண்டைக்குள் செலுத்தினான் தேவராஜ். கழுவுமிடத்தின் ஈரத் தரையில் அவன் முழங்கால் வழுக்கியது. இடுப்பு லோஞ்சி நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது. சாந்தி திமிறினாள். பற்கள் விரல்முட்டியில் பதிந்தன. அவன் விடவில்லை. இன்னும் உள்ளே. இன்னும் கொஞ்சம்.

அவள் உடம்பு ஒரு முறை வில்லாக வளைந்தது. தண்ணீர் வந்தது.

மத்தியானம் குடித்த கஞ்சி வரவில்லை. சாம்பலும் வரவில்லை. கலங்கிய தண்ணீர்தான், ஏழு வயதுக் குழந்தையின் வயிறு கொள்ள முடியாத அளவுக்கு, நிற்காமல், சத்தமில்லாமல், கிணற்றிலிருந்து இறைத்தது போன்ற குளிர்ச்சியோடு அவன் மணிக்கட்டின் மீது வழிந்து சாக்கடை வாய்க்குப் போனது. அதன் வாசனை மேலே எழுந்தது. அந்த வாசனை அவனுக்குத் தெரியும். அவன் வளர்ந்த மாவ்பி ஊரில், உழுது தண்ணீர் கட்டி நிறுத்திய வயலில், பழைய தாளடி அழுகி, நண்டு வளைகளுக்குள் சேறு புளித்து, வெயில் பட்டதும் கிளம்புமே, அது. இது நகரத்துக்குள், அலோனில் நான்காவது மாடி. கீழே ஜெனரேட்டர் புகை நாறும், சாக்கடை நாறும், பக்கத்து வீட்டில் ஙபி மீன் விழுது வறுத்தால் அது நாறும். வயல் நாறாது.

சாக்கடை வாயின் கம்பியில் ஒரு நெல் உமி ஒட்டிக்கொண்டு நின்றது.

"போதும்ப்பா," என்றாள் சாந்தி. அழுகுரலே இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டவர்களின் குரல். "இன்னும் ரெண்டு வரிசைதான் இருக்கு."

அவன் கை அப்படியே நின்றது.

காய்ச்சல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கிளினிக்கில் கொடுத்த சிரப்புக்கு இறங்கவில்லை, ஈரத் துணிக்கு இறங்கவில்லை. மழைக்காலத்துக் காய்ச்சல், விடாது என்றார்கள். மத்தியானம் அவள் கண்ணை மேலே செருகிக்கொண்டு, "யே... யே..." என்று பர்மியத்தில் தண்ணீர் கேட்டுப் புலம்பத் தொடங்கியதும் தேவராஜுக்குக் கை கால் ஓடவில்லை. அலோன் படகுத்துறைக் கிட்டங்கியில் சுமைகூலிகளை மேய்க்கிற அவனுக்கு வீட்டில் துணை யாருமில்லை. மனைவி ராணி ஜப்பானில், எங்கோ ஒரு மலைக் கிராமத்து முதியோர் இல்லத்தில், வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு ஒன்றாகப் போன செலின் மட்டும்தான் போன வாரம் திரும்பி வந்திருந்தாள்.

"அக்காவுக்கு கான்ட்ராக்ட் நீட்டிச்சுட்டாங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு துணிப்பையை நீட்டினாள் செலின். சாக்லேட், தைலம், சாந்திக்கு ரோஸ் நிறக் காலுறை. அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துத் திரும்ப உள்ளே வைத்தாகிவிட்டது. ஆனாலும் இன்று மத்தியானம், தைலத்தைத் தேடி அந்தப் பையைக் கவிழ்த்தபோது, காலுறைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. கைத்தறித் துணி மாதிரி முரட்டுக் காகிதம். அதன் மேல் கறுப்பு மையில் காக்கைகள், ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு. உள்ளே சாம்பல்.

கோயில் சாம்பல். வேறென்ன? ராணி எந்த ஊருக்குப் போனாலும் கோயில் வாசலை மிதிக்காமல் வரமாட்டாள்.

அவன் வீட்டில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்துக்கு முன்னால் விபூதிதான். நெற்றியில் பூசுவார்கள், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைப்பார்கள். கப்பலேறி இந்தத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்த கொள்ளுத்தாத்தன் காலத்திலிருந்து அப்படித்தான். தேவராஜும் அப்படியே செய்தான். மூன்று விரலால் பூசினான். மிச்சத்தை டம்ளரில் கலக்கினான். சாந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி குடித்தாள். "சேறு மாதிரி இருக்குப்பா," என்றாள். டம்ளர் காலியானது. கழுவிக் கவிழ்த்துவைத்தான்.

காய்ச்சல் விட்டது. மெல்ல இறங்கவில்லை, யாரோ போர்வையை உருவிக்கொண்டு போனது மாதிரி சட்டென்று போய்விட்டது. தூங்கிப்போனாள். அவனும் அவள் பக்கத்தில் சாய்ந்தான்.

அவனை எழுப்பியது ஒரு சத்தம்.

ச்சப். ச்சப். ச்சப்.

மழை நாளின் இருட்டு. கரண்ட் காலையிலிருந்தே இல்லை. ஜன்னல் கம்பிகளின் சாம்பல் வெளிச்சம் வீட்டின் உள் நடைபாதையின் சிமெண்டுத் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அதில், இடுப்பை மடித்துக் குனிந்து, பின்பக்கமாக அடி வைத்துக்கொண்டு சாந்தி வந்துகொண்டிருந்தாள். இடது கையில் எதையோ அணைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை, வெறுங்கை. வலது கை அந்த ஒன்றுமில்லாததிலிருந்து எதையோ பிரித்தெடுத்து, கட்டைவிரலும் இரண்டு விரல்களுமாகச் சேர்த்துத் தரையில் அழுத்தியது. ச்சப். பக்கத்தில் இன்னொன்று. ச்சப். ஒரு வரிசை முடிந்ததும் ஓரடி பின்னால்.

நடவு. தேவராஜின் அம்மா மாவ்பியில் நட்டதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். ஆனால் சாந்தி பிறந்தது இந்த நகரத்தில். அவள் வயலைப் பார்த்ததே பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

அது கூடப் பெரிதில்லை. அவன் முதுகைச் சில்லிட வைத்தது வேறு. அவள் முழங்கையை ஒடுக்கி ஒடுக்கிக் கொண்டிருந்தாள், இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கமாக நின்று நடுவது போல. ஓர் இடத்தில் நிறுத்தி, தலையை லேசாகத் திருப்பி, பின்தங்கிய யாரோ வந்து சேருவதற்காகக் காத்திருந்தாள்.

போன் அடித்தது. ராணி.

"ஏங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்பிடி இருக்கு?"

"விட்டுருச்சு. நீ அனுப்பின விபூதியைத்தான் கலக்கிக் குடுத்தேன். ஆனா ராணி, அவ என்னமோ..."

அங்கேயும் மழை. தகரத்தில் விழாத மழை, தண்ணீரில் விழுகிற மழை.

"நான் விபூதி அனுப்பலையே," என்றாள் ராணி.

"காலுறைக்குள்ள இருந்துச்சே. காக்கா படம் போட்ட காகிதத்துல..."

அவள் எழுப்பிய சத்தத்தைப் பிரசவ அறைக்கு வெளியே நின்றபோது ஒரு முறை கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கேட்டதில்லை.

"குடிச்சுட்டாளா? முழுங்கிட்டாளா? ஐயோ... நீங்க? நீங்க குடிக்கலையே?"

"இல்ல. அவளுக்குத்தான் குடுத்தேன். என்ன ராணி? விஷமா?"

"ரெண்டாவது கிண்ணங்க அது."

முதல் கிண்ணத்தின் கதை அவனுக்குத் தெரியும். இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ ராத்திரி போனில் அவள் சொல்லியிருக்கிறாள். இல்லத்தில் அவள் குளிப்பாட்டுகிற கிழவர் ஒருவர் சொன்னாராம். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயிலுக்குச் சொந்தம். கோயில் அங்கே இல்லை, தூரத்துத் தலைநகரத்தில். யாரோ ஒரு பிரபு புண்ணியத்துக்காக எழுதிவைத்த நிலம். அரசாங்கத்தின் ஆள்கூட உள்ளே கால் வைக்க முடியாது. நாலு மூலையிலும் எல்லைக் கல். உள்ளே விளைகிற நெல், விளக்குக்கு எண்ணெய், கூரைக்கு வைக்கோல், தூண்களுக்கு மரம் எல்லாம் கோயிலுக்குப் போகும். விளைச்சல் பொய்த்த ஒரு வருஷம், அளக்க வேண்டியதைக் குறைக்கச் சொல்லி ஜனங்கள் கெஞ்சினார்கள். கோயில் கேட்கவில்லை. ஊர் முழுக்கக் கூடி, இனி ஒரே உடம்பாக நிற்போம் என்று சத்தியம் எழுதி, அந்தக் காகிதத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலக்கி ஒரே கிண்ணத்தில் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, வயலைப் போட்டுவிட்டு மலையேறிப் போய்விட்டார்கள்.

"மாவ்பியில எங்கப்பா உழுததும் கோயில் நிலந்தான்," என்று அப்போது தேவராஜ் சிரித்தான். "சாமிதான் வேற. முதுகு ஒடியறது ஒண்ணுதான்."

இப்போது ராணி சிரிக்கிற மாதிரி பேசவில்லை. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"பசி தாங்காம கீழ இறங்கி வந்தாங்கல்ல, அப்ப கோயில் குடுத்தது ரெண்டாவது கிண்ணம். இனிமே இந்த நிலத்தை விட்டுப் போகமாட்டோம். போனா, உடம்புல இருக்கிற ஒவ்வொரு மயிர்க்கால் வழியாவும் தண்டனை உள்ள வரட்டும். அப்பிடி எழுதி, எரிச்சு, வரிசையா நிக்கவச்சுக் குடிக்க வச்சாங்க. கைப்பிள்ளைக்குக்கூட நாக்குல தடவினாங்களாம்."

"அது எந்தக் காலத்துக் கதை..."

"கதையில்லங்க! இங்க பிள்ளைங்க எல்லாம் பட்டணத்துக்குப் போயிட்டாங்க. நடறதுக்கு ஆளே இல்ல. நிலம் சும்மா கிடக்கு. அது சும்மா கிடக்காதுங்க. குடிச்சவங்க அந்த நாலு கல்லுக்கு வெளியில இருக்கக் கூடாது. பாப்பா இப்ப எங்க இருக்கா? சொல்லுங்க, எங்க இருக்கா?"

தேவராஜ் நடைபாதையைப் பார்த்தான். ச்சப். ச்சப். சிமெண்டில் அவள் பாதங்களின் ஈரம், வரிசை வரிசையாக.

"வாந்தி எடுக்க வையுங்க. முதல்ல அதைச் செய்யுங்க. அதுக்கும் நிக்கலைன்னா... அந்த மண்ணு... கால் அந்த மண்ணுல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்..."

லைன் அறுந்தது. மறுபடி போட்டான். மறுபடி. அவள் நம்பர் கிடைக்கவில்லை. அவன் போனில் சார்ஜும் கடைசிக் கோட்டில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடத்துக்கு ஓடினான்.

இப்போது அவளை மடியில் கிடத்தி முகத்தைத் துடைக்கப்போனவன், துண்டோடு நிறுத்தினான். காலையில் அவள் கன்னத்தில் தானாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிவிட்டிருந்தான், சூட்டுக்குக் குளிர்ச்சி என்று. அந்த மஞ்சள் பூச்சு காய்ந்து, மெல்லிய ஓடாக இருந்தது. அதில் ஒரு வெடிப்பு. வெடிப்பு நகர்ந்தது. ஒரு துணுக்கு மூடி மாதிரி மேலே எழும்பி, விழுந்தது.

உள்ளே பச்சை.

ஊசி முனையளவு. இளம்பச்சை.

அவன் நகத்தால் பிடித்து இழுத்தான். சாந்தி அலறினாள், அன்றைக்கு முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. பச்சை முடிந்து வெள்ளை வேர். ரத்தம் இல்லை. கன்னத்துத் துளையிலிருந்து தெளிந்த தண்ணீர் ஒரு சொட்டு.

பக்கத்தில் இன்னொரு வெடிப்பு. இன்னொன்று.

தேவராஜ் அந்த நாற்றைக் கீழே எறிந்தான். குழந்தையை மழைச்சட்டையில் சுற்றினான். இந்த ஊரில் அந்த மண்ணை மிதித்தவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

சைக்கா ரிக்‌ஷா மழைத்திரைக்குள் ஸ்ட்ராண்ட் சாலையோரமாகப் போனது. கிட்டங்கிகளின் தகரக் கூரைகளில் மழை இரைந்தது. ஆற்றிலிருந்து எண்ணெயும் அழுகிய மரமும் கலந்த காற்று அடித்தது. அவன் மடியில் சாந்தி கல் மாதிரி கனத்தாள். மழைச்சட்டைக்கு உள்ளேயிருந்துதான் தண்ணீர் வழிந்தது. சட்டைக்குள் ஒரு சரசரப்பு வேறு, சிறு காற்றில் பயிர் அசைகிறது போல. அவன் காதை மூடிக்கொள்ள விரும்பினான். கையை எடுக்க முடியாது. கைகள் ஊறி, முழங்கைக்குக் கீழே அரித்தன. மழைத் தண்ணீர்.

மிதித்துக்கொண்டிருந்த முத்து முகம்மது, படகுத்துறையில் பல வருஷமாக அறிமுகமானவன், திரும்பிப் பார்த்தான்.

"தேவராஜ், புள்ள என்னய்யா இப்பிடி ஒழுகுது? ஆத்துல கீத்துல விழுந்துச்சா?"

"மிதி பாய். கேக்காத. மிதி."

"மிதிக்கத்தான்யா செய்யறேன், இது என்ன ஏரோப்ளேனா?" என்றவன், மழைச்சட்டையின் விளிம்பு காற்றில் விலகியதைப் பார்த்தான். அதன் பிறகு கேலி பேசவில்லை. முன்னால் பார்த்து, மூச்சு வாங்க வாங்க மிதித்தான். இறங்கியதும் கூலி வாங்க நிற்காமல் போய்விட்டான்.

செலினின் வீடு துறைக்குப் பின்னால் பலகை வீடு. கதவைத் திறந்தவள் தேவராஜைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள், பின்னால் நகர்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததுதான் அவனைப் பயமுறுத்தியது.

"உனக்குத் தெரியும்," என்றான். "செலின், உனக்கு இது தெரியும்."

"அண்ணே, உள்ள வராதீங்க. அம்மா ஜெபத்துல இருக்காங்க..."

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஏசு படத்தின் கீழே மெழுகுவர்த்தி. கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெட்டி. கைப்பிடியில் மஞ்சள் துணிக் கிழிசல். விமான நிலையத்தில், பெட்டி மாறிப்போகக் கூடாதென்று, அவனே கட்டிவிட்ட கிழிசல்.

"இது ராணியோட பெட்டி."

செலின் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும்தாண்ணே கிளம்பினோம்."

அவள் சொல்லச் சொல்ல தேவராஜ் நின்றபடி கேட்டான். நடவுக்கு முன்னால் அங்கே ஒரு சாமி கும்பிடு. இல்லத்தில் வேலை பார்க்கிறவர்களையும் கூப்பிட்டார்கள். ஒரு மரக் கிண்ணம் வரிசையாகக் கை மாறி வந்தது.

"எனக்கும் நீட்டினாங்க. உதட்டுல வச்ச மாதிரி வச்சு, ஓரமா ஊத்திட்டேன். நாங்க அதெல்லாம் குடிக்க மாட்டோம்ல. அக்கா பாத்துட்டாங்க. 'கோயில் சாம்பலைக் கீழ ஊத்தறியே, பாவம்டி'ன்னு என்னைத் திட்டிட்டு, ஒரு சொட்டு விடாமக் குடிச்சாங்க. கும்பிட்டுக் குடிச்சாங்கண்ணே." "ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு பஸ்ல என் பக்கத்துலதான். அந்தக் கல்லைத் தாண்டினதும் கையைச் சொறிய ஆரம்பிச்சாங்க. அப்புறம் கழுத்து. அப்புறம்..." சாந்தியின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கமாகக் கையைக் காட்டினாள். "பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாங்க. ரோட்டுல இல்ல. வயலுக்குள்ள. சேத்துல கால் பட்டதும் எல்லாம் உதிர்ந்து போச்சு. அங்கேர்ந்தே கையை ஆட்டினாங்க. நீ போ, நீ போன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்க பொண்டாட்டி வயல்ல முளைச்சுட்டாங்கன்னா?"

"அந்தப் பொட்டலத்தை ஏன் குடுத்த?"

"எந்தப் பொட்டலம்?" அவள் கண்கள் விரிந்தன. "பையில பொட்டலமே இல்லையேண்ணே. ஒவ்வொண்ணா எடுத்துவச்சுக் கட்டினது நான்தானே. அந்தக் காலுறையை இங்க படகுத்துறை பஜார்ல நான்தான் வாங்கினேன்."

மெழுகுவர்த்தி சடசடத்தது.

அவனுக்கு அதை யோசிக்க நேரமில்லை. மூட்டையிலிருந்து சாந்தியின் கை வெளியே தொங்கியது. கை முழுக்கப் பச்சை. புல் படர்ந்த வரப்பு. அவள் மூச்சு நீர்க்குமிழியாகக் கொப்பளித்தது.

"மண்ணு வேணும்," என்றான். "அந்த வயல் மண்ணு. ஒரு பிடி. உன் செருப்பு, உன் பை, எதுலயாவது..."

"நான் எல்லாத்தையும் அங்கியே கழுவிட்டு..." என்றவள் நிறுத்தினாள். சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

பூட்டை உடைத்தார்கள். புடவை, வேலைச் சீருடை, சாந்திக்கு வாங்கிய பொம்மை. அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ராணியின் ரப்பர் பூட்ஸ். ஓய்வு நாளில் வயலில் ஒத்தாசைக்குப் போட்டுக்கொண்டு போனது. மாவ்பி மழைக்கு ஆகும் என்று கழுவக்கூடப் பொறுமையில்லாமல் அடைத்திருக்கிறாள். அடியில் சேறு. உள்ளேயும் சேறு, காய்ந்து, கறுத்து, விரல் தடங்களோடு.

தேவராஜ் குழந்தையின் கால்களை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கினான்.

மழைச் சத்தம் மட்டும். பிறகு சாந்தி இருமினாள். பச்சை முனைகள் மஞ்சளாகி, சுருண்டு, சீப்பில் கழிகிற முடி மாதிரி உதிர்ந்தன. கன்னம் கன்னமாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, "அப்பா, பசிக்குது," என்றாள்.

அவன் அந்தப் பெரிய பூட்ஸைக் கட்டிக்கொண்டு அழுதான்.

செலினின் அம்மா பாயைவிட்டு எழுந்து வந்து வாசலைக் காட்டினாள். தேவராஜ் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபப்பட நேரமில்லாமல் வேறொரு அவசரம் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் திரும்பி, "செலின், விடிஞ்சதும் வந்து பாரு. பாப்பாவைப் பாரு. பூட்ஸை மட்டும் கழட்டிராத," என்றான். அவள் தலையாட்டினாள்.

நான்கு மாடியும் இருட்டில் ஏறினான். சாந்தியை நடைபாதையில் நாற்காலியில் உட்காரவைத்து, சோறு பிசைந்து ஊட்டினான். அவள் ஒவ்வொரு வாயாக வாங்கிச் சாப்பிட்டாள். பூட்ஸ் அவள் தொடை வரை வந்தது. வெளியே முழுசாக இருட்டிவிட்டது. ஒரு மெழுகுவர்த்தி. எதிரே அலமாரிக் கண்ணாடியில் இன்னொரு மெழுகுவர்த்தி, இன்னொரு சாந்தி.

"ஏம்ப்பா கையைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்க?"

"மழையில நனைஞ்சேன்ல."

"எனக்கும் அப்பிடித்தான் அரிச்சுது. மொதல்ல."

அவன் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

பாதிதான் அவள் குடித்தாள்.

மீதிப் பாதி டம்ளரில் இருந்தது. கழுவுமிடம் வரை கொண்டுபோனான். சாக்கடை வாய்க்கு மேலே டம்ளரைச் சாய்க்கக்கூடச் செய்தான். கோயில் சாம்பல் கலந்த தண்ணீர். அதை யார் சாக்கடையில் ஊற்றுவார்கள்? கும்பிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டான். ஒரு சொட்டு விடாமல். நீங்க குடிக்கலையே என்று ராணி கேட்டபோது இல்லை என்றான். அவள் அங்கே தனியாக இருக்கிறாள், இரண்டு பேருக்காகவும் பயப்பட வேண்டாம் என்று.

சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினான். பார்த்தான். இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டான்.

இரண்டு பூட்ஸ் இருக்கிறது. இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"சாந்தி, ஒரு நிமிஷம்மா," என்றான். இடது பூட்ஸை மெல்ல உருவினான். சின்னப் பாதம் வெளியே வந்தது. தரையைத் தொட்டது.

அவள் கன்னம் வெடித்தது.

ஒரு பக்கம் மட்டும். இடது கன்னம், இடது காது, இடது கண்ணின் இமையோரம். பச்சை. அவள் அலற வாயைத் திறப்பதற்குள் அவன் பூட்ஸை மாட்டிவிட்டான். மாட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உதிரும் வரை. கடைசி முனை உதிரும் வரை.

சரி.

ராணியைக் கூப்பிடப் போனை எடுத்தான். போன் செத்துக் கிடந்தது. தாளிட்டிருந்த கதவைத் திறந்துவைத்தான், விடிந்ததும் செலின் வருவாள் என்று. அவள் வருவாளா? வருவாள். வர வேண்டும்.

பிறகு நடைபாதையில் குப்புறப் படுத்துக்கொண்டான். குழந்தை முகத்தைப் பார்க்கக் கூடாது. முதுகில் சட்டை இறுகியது. தையல் ஒவ்வொன்றாக விட்டது. வலிக்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தது. வயிற்றுக்குள் தண்ணீர் கட்டி நின்றது. எங்கோ தூரத்தில், தண்ணீரில் விழுகிற மழை. ஆட்கள் பேசாமல் வேலை செய்கிற சத்தம். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ராணிக்கு ஜலதோஷம் பிடித்தால் அப்படித்தான் உறிஞ்சுவாள்.

மெழுகுவர்த்தி அணைந்தது.

தொப்.

நாற்காலியிலிருந்து இறங்குகிற சத்தம்.

தொப். தொப்.

பூட்ஸ். அவன் தலைமாட்டில். நின்றது.

"சாந்தி," என்று கூப்பிட வாயைத் திறந்தான். தண்ணீர்தான் வந்தது.

கீழே தெருவில் ஒரு கூச்சல் கிளம்பியது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு, சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் கையைத் தட்டிக்கொண்டு, தெரு முழுக்கச் சந்தோஷமாக.

"மீ லா பீ! மீ லா பீ!"

கரண்ட் வந்துவிட்டது.

டியூப் லைட் ஒரு முறை இமைத்தது. இன்னொரு முறை. எரிந்தது.

கன்னம் தரையில் ஒட்டியிருக்க, அலமாரிக் கண்ணாடியில் தேவராஜ் பார்த்தான். நடைபாதையின் நடுவில் ஒரு நாற்றங்கால். அடர்த்தியாக, ஒரு சாண் உயரத்துக்கு, பளபளவென்று. அதன் மேல் குனிந்து நின்ற அவன் மகள், தேர்ந்த கையோடு ஒரு பிடி சேர்த்துப் பறித்தாள். வேரைப் பூட்ஸின் குதிகாலில் தட்டிச் சேறு உதிர்த்தாள். ரோஸ் நிறக் காலுறையிலிருந்து உருவிய நூலால் சுற்றி முடிச்சுப் போட்டாள். மத்தியானம் வெறுமனே அணைத்துக்கொண்டிருந்த இடது கையில் அதை வாகாக வைத்துக்கொண்டாள்.

அடுத்த பிடிக்குக் குனிந்தாள்.

"இன்னும் ரெண்டு வரிசைதான்ப்பா. அம்மா பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்காங்க."